வாய்க்கொழுப்பு

எங்கள் குடும்பத்தில் வாய்க்கொழுப்பு எனக்குத்தான் என்பது ஊரறிந்த விஷயம். அம்மா சொல்வாள், லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பராக்காரர்கள் சொல்வார்கள், கல்யாணமாகி ஒரு மாதத்தில் என் வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். அக்கா மட்டும் சொன்னதில்லை. ஒரே ஒரு நாள் சொன்னாள். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அதற்குப் பிறகு அப்படிச் சிரிக்க எங்களுக்கு வாய்க்கவில்லை.

அவளுக்கும் எனக்கும் ஆறு வயது வித்தியாசம். கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தோம். அப்பா போன பிறகு அக்கா பதினாறு வயதில் பேர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். அதனால்தான் நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அவள் கூடை சுமந்தாள், நான் புத்தகம் சுமந்தேன், அதிலும் அலுத்துக்கொண்டது நான்தான்.

அக்காவுக்குத் தலைப்பிள்ளை பிறந்து ஒரு வருடம் இருக்கும். இடது காதுக்குக் கீழே, தாடை வளையும் இடத்தில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி தெரிந்தது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. விரலால் அழுத்தினால் மெத்தென்று நழுவியது. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பொன்னுக்கு வீங்கி” என்றாள். கன்னம் வீங்கும் அந்த நோய்க்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கழுத்தில் தங்கம் போட்டால் வற்றிவிடும் என்பார்கள்.

“புள்ள பெத்தவளுக்குப் பொன்னுக்கு வீங்கியா? ஒனக்கு நகை ஆச இன்னும் தீரலையாக்கா?” என்று நான் கேட்டேன். அக்கா என் தலையில் குட்டினாள்.

தாலியில் இருந்த பொட்டுத் தங்கம் போதாதென்று, கணக்கப்பிள்ளை வீட்டு அம்மாவிடம் கெஞ்சி ஒரு சங்கிலி வாங்கி வந்தாள் அம்மா. அக்கா ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டு மலைக்குப் போனாள். தேயிலைச் செடியில் மாட்டி அறுந்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு கையால் ஜாக்கெட்டைப் பிடித்துக்கொண்டே கொழுந்தெடுத்தாளாம். அந்த வாரம் கொழுந்து நிறை குறைந்து கங்காணியிடம் ஏச்சு வாங்கியதுதான் மிச்சம். சங்கிலி திரும்பிப் போய்விட்டது, கட்டி போகவில்லை.

பிறகு தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே இருந்த ஐயா தொட்டுப் பார்த்து, ஏதோ ஒரு களிம்பு கொடுத்து, “வலி இல்லன்னா அத அது பாட்டுல விட்டுரு” என்றார். அவர் சொன்னதுதான் சரி என்று தெரிய எங்களுக்கு இருபத்திரண்டு வருடம் ஆனது. அன்றைக்கு அவரை நம்ப ஆள் இல்லை. மருந்து தெரியாதவர், அதனால்தான் மழுப்புகிறார் என்று லயமே முடிவு கட்டிவிட்டது.

அதற்குப் பிறகு யாரும் அக்காவின் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. கன்னத்தைப் பார்த்துத்தான் பேசினார்கள். “என்னாடி அது, இன்னும் வத்தலையா?” என்று குழாயடியில் ஒருத்தி கேட்பாள், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் இன்னொருத்தி கேட்பாள். புற்றுநோய் என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். “அந்த நோயா இருக்கப் போவுது” என்பார்கள். அக்கா சேலைத் தலைப்பை இடது பக்கமாக இழுத்துவிட்டுக்கொள்ளப் பழகினாள். போட்டோ எடுத்தால் வலது கன்னம் மட்டும் தெரியத் திரும்பிக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க மஹய்யாவயிலிருந்து ஆள் வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கண்டி டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. எனக்கு வயது இருபத்தொன்று. அட்டையும் மழையும் லயமும் போதும் போதும் என்றிருந்தது. இந்தச் சம்பந்தம் தவறினால் நானும் கூடை தூக்க வேண்டியதுதான் என்று பயந்தேன். வருகிறவர்கள் அக்காவின் கன்னத்தைப் பார்த்தால், குடும்பத்திலேயே நோய் இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்கள் என்றும் பயந்தேன்.

“நீ பின் பக்கமே இருந்துக்கக்கா” என்றேன். சொல்ல வாய் கூசவில்லை எனக்கு.

“அம்மாவுக்குக் காது மந்தம். வந்தவங்ககிட்ட யாருடி பேசுறது?” என்றாள் அக்கா. கோபமே இல்லை அவளுக்கு. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்போது வாசலில் பக்கத்துக் காம்பராக் கிழவி ஒருத்தி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அடக்கிய வெற்றிலையில் அவளுடைய இடது கன்னம் புடைத்திருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பளிச்சென்று புத்தி வேலை செய்தது. அந்தப் புத்தியை நினைத்து அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை!

“வெத்தலைய மடிச்சு அந்தப் பக்கமா அடக்கிக்கக்கா. எவன் கண்டுபுடிக்கப் போறான்?”

நானே மடித்தேன். இரண்டு வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு. மடிப்பு சிறியதாக இருப்பதாகத் தோன்றியதால் கிழவியிடம் ஒரு துண்டுப் பொயிலை வாங்கி அதையும் உள்ளே வைத்தேன். அதுவரை அக்கா வெற்றிலை போட்டதில்லை. வாயில் வைத்த கொஞ்ச நேரத்தில் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, “இன்னொன்னு மடி” என்று கையை நீட்டினாள்.

மாப்பிள்ளையின் அம்மாவும் வெற்றிலைக்காரி. வந்து உட்கார்ந்ததும் அக்காவைப் பார்த்து, “அட, நீங்களும் நம்ம கட்சியா?” என்று தன் பையைத் திறந்தார். இரண்டு பேரும் அரை மணி நேரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். என்னைப் பிடித்ததைவிட அக்காவைத்தான் அவருக்கு அதிகம் பிடித்தது. கன்னத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்று மாதத்தில் கல்யாணம்.

மஹய்யாவக்கு வந்த பிறகு ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சிங்களம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. அக்கா மாதத்துக்கு ஒரு தடவை பேராதனை வழியாக பஸ் மாறி வருவாள். எங்கள் தெருமுனையில் நின்று வெற்றிலையை அடக்கிக்கொண்ட பிறகுதான் வீட்டுக்குள் வருவாள். என் மாமியார் அவளுக்காகத் தட்டோடு காத்திருப்பார். போட்டுக்கொண்டவளை நிறுத்தச் சொல்ல முடியுமா? திடீரென்று நிறுத்தினால், அந்தக் கன்னம் ஏன் இன்னும் அப்படியே இருக்கிறது என்று கேள்வி வருமே.

தோட்டத்திலும் அதுவே பழக்கமாகிவிட்டது. பொயிலை அவளை விடவில்லை. முன்பு கன்னத்தில் என்ன என்று கேட்டவர்கள், “அவ வாய் சும்மாவே இருக்காது” என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கட்டியை ஊரே மறந்துவிட்டது. பற்கள் சிவந்து, பிறகு கறுத்தன. அதற்கும் அவளை ஏசியது நான்தான். “என்னாக்கா இது, மாடு மாதிரி எந்நேரமும் மென்னுக்கிட்டு? கடையில கூட வேல பாக்குறவங்க முன்னாடி எனக்கு வெக்கமா இருக்கு” என்பேன். முதல் மடிப்பு யார் கையால் மடித்தது என்பதை நான் சுத்தமாக மறந்திருந்தேன். அவள் ஞாபகப்படுத்தவே இல்லை. சிரித்துக்கொண்டு வெளியே போய்த் துப்பிவிட்டு வருவாள்.

இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. கட்டி மெதுவாக எலுமிச்சம்பழ அளவுக்கு வந்திருந்தது. அந்த வருடம் தைப்பொங்கலுக்கு வந்தவள் குழம்பு வேண்டாம் என்றாள். “பருப்பு மட்டும் ஊத்து. ஒறைப்பு ஒத்துக்க மாட்டேங்குது.” சோற்றையும் சின்னச் சின்ன உருண்டையாக உருட்டித்தான் வாயில் போட்டாள். “தொரைசாணி மாதிரி சாப்பிடுறாளே!” என்று கேலி செய்தேன். அவளால் வாயைச் சரியாகத் திறக்க முடியவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. ஆனால் கட்டி பெரிதாகியிருப்பது கண்ணில் பட்டது. பழைய பயம் திரும்பி வந்தது. அவளுக்கும் அதே பயம்தான். “அந்த நோயா இருந்தா என்னாடி செய்றது? சின்னவனுக்கு இன்னும் வேல கெடைக்கலையே” என்றாள். கையோடு கூட்டிக்கொண்டு போனேன்.

ஆஸ்பத்திரியில் கிளினிக் நாளில் கூட்டம் நெரியும். வாங்குப் பலகையில் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்து மத்தியானம்தான் உள்ளே போனோம். இளம் டாக்டர் ஒருவர் சிங்களத்தில் கேட்டார், நான் தமிழில் கேட்டேன், அக்கா சொன்னதைச் சிங்களத்தில் சொன்னேன். கண்ணை இறுக்கி மூடச் சொன்னார். புருவத்தைத் தூக்கச் சொன்னார். கட்டிக்குள் முகத்து நரம்பு ஓடும், அது நன்றாக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காம். பல்லைக் காட்டச் சொன்னபோது அக்கா கையால் வாயை மூடிக்கொண்டாள். வாயைத் திறக்கச் சொன்னார். கொஞ்சமாகத்தான் திறந்தாள். அவர் என்னைப் பார்த்தார்.

“வெட்கப்படுகிறாள் டாக்டர். வெற்றிலைக் கறை” என்று நானே சொன்னேன். அக்காவிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் உள்ளே எரிகிறது என்று சொல்லியிருப்பாள். அடுத்த தடவை வாயை நன்றாகக் கழுவிவிட்டு வரச் சொல்லி, ஸ்கேனுக்கும் ஊசிப் பரிசோதனைக்கும் எழுதித் தந்தார்.

ஊசியைக் கட்டிக்குள் விட்டு இழுத்தபோது இரத்தம் வரவில்லை. கண்ணாடித் துண்டில் எண்ணெய்ப் பசை போல ஏதோ பளபளத்தது. “சரியா வரலையோ?” என்று அக்கா என் காதில் கேட்டாள். இரண்டு வாரம் முடிவுக்குக் காத்திருந்தோம். நான் போகாத கோயில் இல்லை. கட்டி நல்ல கட்டியாக இருக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டேன். கேட்டதைத் தெய்வம் அப்படியே கொடுத்தது. நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை பெரிய டாக்டர் இருந்தார். காகிதங்களைப் படித்தார், ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுந்து வந்து கட்டியை இரண்டு விரலால் உருட்டினார். எத்தனை வருடமாக இருக்கிறது, வலித்திருக்கிறதா, முகம் கோணியிருக்கிறதா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“பய வெண்ட எபா” என்றார். பயப்பட வேண்டாம் என்று அர்த்தம். அது எச்சில் சுரப்பியில் வந்த கொழுப்புக் கட்டி, அந்த இடத்தில் வருவது அபூர்வம், ஊசியில் வந்ததும் கொழுப்பு, படத்தில் தெரிவதும் கொழுப்பு, அது ஆளைக் கொல்லாது என்றார். வேண்டுமென்றால் எடுக்கலாம், விட்டாலும் விடலாம் என்றார்.

நான் அக்கா பக்கம் திரும்பினேன். “அக்கா, அந்த நோய் இல்லையாம்! வெறும் கொழுப்பாம்!”

அக்கா என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர். பிறகு உதட்டைச் சுழித்து, “இத்தன வருஷமா வாய்க்கொழுப்பு ஒனக்குன்னு ஊரே சொல்லிச்சி. எனக்குத்தானாம்டி!” என்றாள்.

நான் வெடித்துச் சிரித்தேன். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்ன சிரிப்பு என்று டாக்டர் கேட்டார். அதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது? சொல்லத் தெரியாமல் இன்னும் சிரித்தேன். எங்களைப் பார்த்து அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையுறையை மாட்டி, மேசையில் இருந்த டோர்ச்சை எடுத்தார்.

“கட்ட அரின்ன” என்றார். வாயைத் திற.

அக்கா திறந்தாள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. மரக்குச்சியால் இடது கன்னத்தை ஒதுக்கி, டோர்ச்சை உள்ளே காட்டினார். உடனே வெளியே எடுக்கவில்லை. விரலை உள்ளே விட்டு ஒரு இடத்தைத் தொட்டார். அக்கா துள்ளினாள். டாக்டர் பக்கத்தில் இருந்த நேர்ஸிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். அவருடைய சிரிப்பு எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

வெற்றிலை எத்தனை வருடம், பொயிலையோடா, எந்தப் பக்கம் அடக்குவாள் என்று என்னிடம் கேட்டார். நான் மொழிபெயர்க்காமல் நின்றேன்.

“என்னாவாம்?” என்றாள் அக்கா.

“எத்தன வருஷமா வெத்தலைன்னு கேக்குறாரு.”

“ஒன்னைய பொண்ணு பாக்க வந்த அன்னையில இருந்துன்னு சொல்லு” என்றாள். குத்திக் காட்டவில்லை. அவளுக்கு அது ஒரு தேதி, அவ்வளவுதான்.

நான் டாக்டரிடம் எண்ணை மட்டும் சொன்னேன். இருபத்திரண்டு.

கன்னத்தின் உட்புறச் சதையில் சின்னத் துண்டு எடுத்து அனுப்பினார்கள். இந்த முறை முடிவு வருவதற்குள் அந்த நோய்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயந்த கட்டி வெளியே சாதுவாக இருந்தது. அதை மறைக்க நான் மடித்துக் கொடுத்தது உள்ளே அவளைத் தின்றிருந்தது. யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை, சொல்ல அக்காவைத் தவிர யாருக்கும் விஷயமே தெரியாது. அதுதான் பெரிய தண்டனை.

ஆபரேஷனில் கன்னத்தின் உட்புறத்தையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தார்கள், கையோடு அந்தக் கட்டியையும் எடுத்துவிட்டார்கள். வெட்டி எடுத்ததை ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போன சிற்றூழியரோடு நானும் போனேன். இரண்டு போத்தல். வாங்கி வைத்த பெண் யாழ்ப்பாணத்துக்காரி. ஒரு போத்தலில் மஞ்சளாக ஒரு உருண்டை மருந்துத் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு, “அதுக்குப் பயப்படாதேங்கோ அம்மா. கொழுப்புத்தான், அதாலதான் மிதக்குது” என்றார்.

“மற்றது?” என்று கேட்டேன். மற்றது அடியில் கிடந்தது.

“ஓம், அதையும் பாக்கத்தான் வேணும்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து பெயர்ச்சீட்டு ஒட்டினார்.

வார்டில் அக்காவுக்குப் பேச்சு திரும்ப நாளானது. ஒரு பின்னேரம் தலையணையை உயர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தாள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். என்னென்னவோ சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் குழறிக் குழறிச் சொன்னாள்.

“எனக்கு வெத்தலை எப்பவும் புடிச்சதே இல்லடி. ஒரு நாளும் புடிச்சதில்ல. ஆனா யாரும் கன்னத்தப் பாத்துக் கேக்கல பாரு, அது நிம்மதியா இருந்துச்சி.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “ஒனக்கும் நல்ல எடம் அமைஞ்சிச்சில்ல.”

ஊரையே வாயால் அடக்குகிற நான், அவள் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டேன்.

அதன் பிறகு பதினாலு மாதம் இருந்தாள். கரண்ட் என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சை வைத்தார்கள், கொஞ்சம் தேறினாள், பிறகு கழுத்தில் மறுபடி வந்தது. கடைசிக் காலத்தில் தோட்டத்துக்கே போக வேண்டும் என்றாள். ஒரு நாள் காலையில் அக்கா வீட்டுக்காரர் போன் எடுத்துச் சொன்னார். நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டி, புதுச் சேலை கட்டி, முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். இத்தனை வருடம் புடைத்திருந்த இடது கன்னம் உள்ளே ஒட்டிப் போயிருந்தது. அந்தக் கன்னம் எல்லோருக்கும் தெரியத் திரும்பிக் கிடந்தது முகம். மறைக்க இனி ஒன்றுமில்லை.

வாய்க்கரிசி போட ஆட்கள் வரிசையாக நின்றார்கள். அவளோடு மலையில் கொழுந்தெடுத்த பெண்கள் நாலைந்து பேர் உரலைக் கொண்டு வந்து வெற்றிலையும் பாக்கும் இடித்தார்கள். செத்தவர் வாயில் இடித்த வெற்றிலை வைப்பது எங்கள் வழக்கம். அக்காவுக்கு அதை மனம் ஒப்பித்தான் செய்தார்கள். ஒருத்தி பொயிலையையும் கிள்ளிப் போட்டாள். “பாவம், எவ்வளவு ஆசையா போடுவா. வாய் நெறைய வெச்சு அனுப்புங்கடி” என்று அழுதுகொண்டே, இடித்ததை உருட்டி எடுத்துக்கொண்டு வந்தாள்.

அவள் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

“வேணாம். அவளுக்கு வெத்தலை புடிக்காது.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இருபத்திரண்டு வருடம் அவள் வெற்றிலை போட்டதைத் தினமும் பார்த்தவர்கள். துக்கத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். “என்னா பேசுறா இவ?” என்று யாரோ சொன்னார்கள். “டவுனுக்குப் போயி வழக்கத்த மறந்துட்டா” என்று இன்னொரு குரல். நான் கையை விடவில்லை. புடிக்காது, புடிக்காது என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் அந்தப் பெண் உருண்டையை இலையில் வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

நான் அரிசியை மட்டும் எடுத்து அக்காவின் வாயில் போட்டேன்.